மஃபினில் ஒளித்து வைத்த காரட்

நம் சங்கக் குடும்பங்களில் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மாலை நேரத்தில் போனால், காபியோடு கூட இப்போது ஒரு புதுப் பண்டமும் தட்டில் வருகிறது. காகிதக் கிண்ணத்தில் வைத்துச் சுட்ட சிறு கேக். பெயர் மஃபின். அதற்குள் காரட் இருக்கிறது, பூசணி இருக்கிறது, சில வீடுகளில் பீட்ரூட்டும் இருக்கிறது. "சீனியே சேர்க்கவில்லை மாமா, எல்லாம் வெல்லமும் தேனும்தான்" என்று வீட்டுப் பெண் பெருமையோடு சொல்வாள். பேக்கரிகளும் சும்மா இருக்கவில்லை. "இயற்கை இனிப்பு" என்று சீட்டு ஒட்டி, சாதாரணக் கேக்கைப் போல இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

இதைக் கேலி செய்ய நான் இதை எழுதவில்லை. கணவனும் மனைவியும் கழக்கூட்டத்துக்கு வேலைக்குப் போய், இருட்டின பிறகு வீடு திரும்பி, அதற்குப் பின் பிள்ளைக்காகக் காரட் துருவுகிறாள் என்றால் அந்த அக்கறைக்கு வணக்கம் சொல்ல வேண்டும். ஆனால் நாற்பது வருஷம் அளவுகோலோடும் கணக்குப் புத்தகத்தோடும் ரயில்வேயில் காலம் கழித்தவன் நான். ஒரு பொருளுக்கு ஒட்டிய பெயர் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் சரக்கு வேறாகவும் இருந்தால் கை தானாகவே அளவு பார்க்கப் போகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேக் நமக்கு அந்நியம் என்று வாதாடும் பெரியவர்கள் நம்மில் உண்டு. கேரளத்தில் குடியிருந்துகொண்டு அப்படிச் சொல்வது பொருந்தாது. தலசேரியில் மாம்பள்ளி பாபு 1880-ல் பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கினார். 1883-ல் மர்டாக் பிரௌன் என்ற தோட்டத் துரை கொண்டுவந்து காட்டிய கிறிஸ்துமஸ் கேக்கைப் பார்த்து, அதைப் போலவே ஒன்றைச் சுட்டுக் கொடுத்தார். துரை சொன்ன பிராந்திக்குப் பதிலாக முந்திரிப் பழச் சாராயமும் கதளிப் பழமும் சேர்த்தார் என்று சொல்கிறார்கள். ஆக, ஊரில் விளைந்த பழத்தைக் கேக் மாவில் கலப்பது இங்கே நூற்று நாற்பது வருஷத்துப் பழக்கம். காய்கறியைக் கலப்பதும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் சர்க்கரைக்கு ரேஷன். காரட்டுக்கு ரேஷன் இல்லை. இனிப்புக்குக் காரட்டைத் துருவிப் போட்டார்கள். கிடைக்காத சர்க்கரைக்கு மாற்றாக வந்த காரட் அது. இன்றைய மஃபினிலோ காரட்டும் இருக்கிறது, வெல்லம் ஒரு கப்பும் இருக்கிறது.

இந்த ஒரு கப்பைத்தான் கொஞ்சம் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒருவர் ஒரு நாளில் பெறும் மொத்தச் சக்தியில் சேர்த்த சர்க்கரையின் பங்கு பத்து சதவிகிதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஐந்து சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. நாலைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1350 கலோரி வேண்டும். அதில் ஐந்து சதவிகிதம் 67 கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு நான்கு கலோரி என்று வகுத்தால் ஏறக்குறைய 17 கிராம். நாலு டீஸ்பூன். முழுநாளுக்கும் அவ்வளவுதான். பத்து சதவிகிதம் என்று தாராளமாக விட்டாலும் எட்டு டீஸ்பூன்.

இனி மஃபினுக்கு வருவோம். ஒரு கப் பொடித்த வெல்லம் சுமார் 180 கிராம் நிற்கும். அதில் பன்னிரண்டு மஃபின் சுட்டால் ஒன்றுக்குப் பதினைந்து கிராம் வெல்லம். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான். தேனிலும் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு சர்க்கரைதான். ஆக ஒரு மஃபினில் பன்னிரண்டு கிராம் போய்விட்டது. பிள்ளை இரண்டு தின்றால் நாள் கணக்கு அங்கேயே தாண்டிவிட்டது. காலையில் பாலில் கலந்த மாவும், மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள் மிட்டாயும் இதற்கு வெளியே.

"வெல்லத்தில் இரும்புச் சத்து உண்டே" என்பார்கள். உண்டு. கருப்பட்டிக்கும் தாதுக்கள் உண்டு. அவற்றைக் கணிசமாகப் பெற வேண்டுமானால் எவ்வளவு வெல்லம் தின்ன வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. சர்க்கரை இல்லாமல் இரும்பு தர முருங்கைக் கீரை இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் தேனும், பாகும், பழச்சாறும் வெள்ளைச் சீனியோடு ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய அன்பர்கள் என்மேல் கோபம் கொள்ள வேண்டாம். கருப்பட்டியின் மணத்துக்கு ஈடு கிடையாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மணத்துக்காக ஒரு சிறு துண்டு போடுங்கள். மருந்து என்று எண்ணிக் கட்டி கட்டியாகப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தேனைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும். சேனை தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2023-ல் வெளிவந்தது. கேரளத்தில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு நீரிழிவு. கோவாவும் புதுச்சேரியும் மட்டும்தான் நமக்கு ஒரு படி முன்னே. நம் சங்கக் கூட்டங்களில் காபி கொடுக்கும்போது "சர்க்கரை இல்லாமல்" என்று எத்தனை கை உயர்கிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்த வியாதியின் விதை எப்போது விழுகிறது என்பதற்கு இங்கிலாந்திலிருந்தே ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. அங்கே சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் நீங்கியது. உடனே ஜனங்கள் தின்னும் சர்க்கரை ஏறக்குறைய இரட்டித்தது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஐம்பது அறுபது வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்து 2024-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் சர்க்கரையில் வளர்ந்தவர்களுக்கு நீரிழிவு முப்பத்தைந்து சதவிகிதம் குறைவாகவும், ரத்தக் கொதிப்பு இருபது சதவிகிதம் குறைவாகவும் இருந்தது. ஒரு தேதியில் வால்வைத் திறந்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தது போன்ற சோதனை அது. வேண்டுமென்று யாரும் செய்ய முடியாதது.

நம் மாநிலத்தில் இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாக "அமிர்தம்" பொடி கிடைக்கிறது. குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிப்பது. தமிழ்க் குடும்பம், மலையாளக் குடும்பம் என்ற பேதம் இல்லாமல் நம் பேரப் பிள்ளைகளும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கோதுமை, கடலைப் பருப்பு, சோயா, நிலக்கடலை எல்லாம் சேர்ந்த நல்ல சரக்கு. ஆனால் நூறு கிராமில் இருபது கிராம் சர்க்கரை. எடை குறைந்த குழந்தைக்குச் சக்தி வேண்டும், ருசியும் வேண்டும் என்ற எண்ணத்தில் வகுத்த விகிதம் அது. அதை நான் குறை கூற வரவில்லை. இன்று அந்தப் பொடியைக் கொண்டு கேக்கும் லட்டும் அடையும் செய்து பார்க்காத வீடு இங்கே குறைவு. அப்படிச் செய்யும் தாய்மார்கள், மாவில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே இனிப்புதான் என்பதை மறந்து மேலும் அரை கப் வெல்லம் போடுகிறார்கள். அமிர்தம் பொடியில் மஃபின் சுட்டால் வேறு இனிப்பு எதுவுமே வேண்டாம். பழுத்த பாளையங்கோடன் பழம் ஒன்று மசித்துப் போட்டால் போதும்.

அரசும் சும்மா இருக்கவில்லை என்று நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். 2016-ல் பெரிய கம்பெனி உணவகங்களின் பர்கர், பீட்சா போன்றவற்றுக்குப் பதினாலரை சதவிகித வரி போட்டுப் பார்த்தார்கள். மறு வருஷம் ஜி.எஸ்.டி. வந்ததோடு அது போயிற்று. 2025-ல் ஒரு சின்னப் பையன் உப்புமாவுக்குப் பதிலாகப் பிரியாணி வேண்டும் என்று கேட்ட காட்சி நாடெங்கும் பரவியது. அதே வருஷம் ஜூனில் அங்கன்வாடிப் பட்டியலையே மாற்றினார்கள். முட்டைப் பிரியாணி வந்ததைப் பற்றித்தான் எல்லாப் பத்திரிகையும் எழுதின. அந்தப் புதிய பட்டியலில் சர்க்கரையையும் உப்பையும் குறைத்திருக்கிறார்கள் என்ற செய்தியை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

சரி, இனிப்பே இல்லாமல் பிள்ளை தின்னுமா? இங்கேதான் நம் திருவனந்தபுரத்துக்கே உரிய ஒரு பொருளைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் இருக்கிறது. கொல்லம் போகிற பஸ்ஸில் அந்த வாசலை நாம் நூறு முறை கடந்திருப்போம். மரச்சீனிக் கிழங்கு ஆராய்ச்சிதானே என்று நினைத்திருப்போம். அவர்கள் 2017-ல் வெளியிட்ட சீனிக்கிழங்கு வகை ஒன்றின் பெயர் பூ சோனா. உள்சதை நல்ல ஆரஞ்சு நிறம். நூறு கிராமில் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். வழக்கமான வகைகளில் இரண்டோ மூன்றோதான். உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறுவது இந்தக் கரோட்டின். அதே வருஷம் வந்த பூ கிருஷ்ணா என்பது ஊதா நிறக் கிழங்கு.

ஆப்பிரிக்காவில் ஆரஞ்சுச் சீனிக்கிழங்கு பெரிய வேலை செய்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் 125 கிராம் வேகவைத்து மசித்த கிழங்கை 53 பள்ளி நாட்கள் கொடுத்துப் பார்த்தபோது அவர்களுடைய வைட்டமின் ஏ நிலை உயர்ந்தது என்று 2005-ல் எழுதினார்கள். மொசாம்பிக்கில் ரொட்டி மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கோதுமையை நீக்கி இந்தக் கிழங்கைப் போட்டுச் சுட்டு, தங்க ரொட்டி என்று பெயர் வைத்துச் சந்தையில் விற்றார்கள். இந்தப் பணியில் ஈடுபட்டவர்களுக்கு 2016-ல் உலக உணவுப் பரிசும் கிடைத்தது. காய்கறி மஃபினுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சீனிக்கிழங்கில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி அந்தக் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. கிழங்கு மெல்லச் சூடேறும்போது அது வேலை செய்யும். சூடு 75, 80 டிகிரியைத் தாண்டிப் போனால் நொதி செத்துவிடும். ஆகவே, கொதிக்கும் தண்ணீரில் துண்டு துண்டாக வெட்டிப் போட்டாலோ, மைக்ரோவேவில் ஐந்து நிமிஷத்தில் வேகவைத்தாலோ கிழங்கு அவ்வளவாக இனிக்காது. முழுக் கிழங்கைத் தோலோடு வைத்துச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் சுட்டாலோ ஆவியில் வைத்தாலோ அதே கிழங்கு தேனாக இனிக்கும். நம் பாட்டிமார் அடுப்பின் சாம்பலில் புதைத்துச் சுட்ட கிழங்குக்கு அந்த ருசி வந்தது இதனால்தான். இனிப்பு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. அதற்கு நேரம் கொடுத்தால் போதும்.

வீட்டில் நாங்கள் செய்யும் அளவைச் சொல்கிறேன். வேகவைத்து மசித்த சீனிக்கிழங்கு 200 கிராம். ஆரஞ்சுக் கிழங்கு கிடைக்காவிட்டால் பாதி சாதாரணக் கிழங்கும் பாதி பழுத்த மஞ்சள் பூசணியும். தோல் கறுக்கத் தொடங்கிய ஏத்தன் பழம் ஒன்று, வேகவைத்து நடுத் தண்டு நீக்கி மசித்தது. பழுக்கப் பழுக்க அதன் மாவு சர்க்கரையாகிவிடும் என்பதால் கறுத்த பழம்தான் வேண்டும். கோதுமை மாவு ஒரு கப், கேழ்வரகு மாவு அரை கப். முட்டை ஒன்று, சேர்க்காதவர்கள் அரை கப் கட்டித் தயிர். தேங்காய் எண்ணெய் மூன்று மேசைக் கரண்டி. எண்ணெயை அறவே விட்டுவிட வேண்டாம். கரோட்டின் உடம்பில் சேருவதற்குக் கொழுப்பு வேண்டும். பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், தயிர் சேர்த்தால் ஆப்பசோடா இரண்டு சிட்டிகை, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. தளர்த்தப் பால். வெல்லம் கிடையாது.

மாவு வகைகளைத் தனியாகவும் ஈர வகைகளைத் தனியாகவும் கலந்து, கடைசியில் ஒன்று சேர்த்து, பத்துப் பன்னிரண்டு முறை கிளறினால் போதும். பரோட்டா மாவு போல அடித்தால் கோதுமையின் பசை இழுத்துக்கொண்டு பண்டம் ரப்பராகிவிடும். கேழ்வரகில் அந்தப் பசை இல்லை. அதனால்தான் அது மட்டும் போட்டால் உதிர்ந்துபோகிறது. ஆப்பசோடா புளிப்பைத் தொட்டவுடன் வாயுவை விடத் தொடங்கிவிடும். கலந்து வைத்துவிட்டுத் தொலைக்காட்சித் தொடர் பார்த்துவிட்டு வந்தால் வாயு போய்ச் சேர்ந்திருக்கும். ஓவன் 180 டிகிரியில் முன்னமே சூடாகி இருக்க வேண்டும். இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிஷம். ஈர்க்குச்சி குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். சோடா கூடினால் சோப்பு வாடை வரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஓவன் இல்லையே என்று வருந்துபவர்களுக்கு: நம் வீட்டுப் பணியாரக் கல்லைவிடச் சிறந்த மஃபின் அச்சு உலகத்தில் உண்டா? இங்கே உண்ணியப்பத்துக்கு வைத்திருக்கும் காரையும் அதேதான். கனத்த இரும்பு, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குழி சின்னது, மாவின் நடுவரை சீக்கிரம் வேகும். குழிக்கு இரண்டு சொட்டு எண்ணெய், மூடி போட்டுச் சின்னத் தீ, நாலு நிமிஷத்தில் ஒரு திருப்பு. பிள்ளையின் ஒரு வாய்க்கு ஏற்ற அளவும் கூட. இட்லித் தட்டில் ஆவியில் பதினைந்து நிமிஷம் வைத்தாலும் நன்றாக வரும்; மேல் சிவக்காது, அவ்வளவுதான்.

இனி, தலைப்பில் சொன்ன காரியம். காய்கறியைப் பிள்ளைக்குத் தெரியாமல் கேக்குக்குள் மறைத்து உள்ளே தள்ளுவதில் பல தாய்மார்களுக்குத் திருப்தி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளை தின்றது காரட், பழகிக்கொண்டது கேக். தட்டில் காரட் பொரியலைப் பார்த்தால் பழையபடி முகம் திருப்பும். ஒரு புதிய காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்து முறையாவது அதை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று குழந்தை உணவை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஒளித்து வைத்தால் அந்த எண்ணிக்கை ஒன்றில்கூடத் தொடங்குவதில்லை. துருவுவதைப் பிள்ளையின் முன்னால் துருவுங்கள். கிழங்கை மசிக்கும் வேலையை அதன் கையில் கொடுங்கள். சமையலறை அழுக்காகும், துடைத்துக்கொள்ளலாம். "இது பூசணிப் பணியாரம்" என்று காயின் பெயரைச் சொல்லியே கொடுங்கள். தமிழில் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது. மத்தங்காய் என்று மட்டுமே தெரிந்த பிள்ளைகள் நம்மிடையே எத்தனை!

பச்சைக் காரட் துண்டுகளையும் முழு முந்திரி, நிலக்கடலையையும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பண்டத்தில் போட வேண்டாம். தொண்டையில் அடைக்கும். துருவியோ பொடித்தோ போடலாம்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் பொங்கல் விழாவிலும் பிள்ளைகள் விழாவிலும் தின்பண்டக் கடை போடுகிறோம். ஒவ்வொரு பண்டத்தின் முன்னும், ஒன்றில் எத்தனை கிராம் இனிப்பு சேர்ந்திருக்கிறது என்று ஓர் அட்டையில் எழுதி வைக்கட்டும். சீனி, வெல்லம், தேன், பேரீச்சம்பழப் பாகு எல்லாவற்றையும் கூட்டியே எழுத வேண்டும். தடை எதுவும் வேண்டாம். அதிரசத்தை யாரும் பிடுங்கப் போவதில்லை. மத்தியக் கல்விக் கழகம் 2025 மே மாதத்தில் தன் பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது. பள்ளிக்கூடம் செய்வதை நாம் செய்வதற்கு என்ன தடை? கணக்குப் போட ஆள் இல்லையென்றால் தராசோடு நான் வருகிறேன்.

மொட்டை மாடி உள்ளவர்கள் ஸ்ரீகாரியத்தில் பூ சோனா நடவுக் கொடி கிடைக்குமா என்று விசாரித்துப் பார்க்கலாம். ஒரு சாண் கொடித் துண்டைத் தளர்வான மண்ணில் நடுக்கணு மூடும்படி வைத்தால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கக் கூடாது, நிழல் ஆகாது. மூன்றரை மாதத்தில் கிழங்கு. அதுவரை கொழுந்து இலையைக் கிள்ளிப் பருப்போடு கீரையாக வைக்கலாம்.